எந்த நாய் என்று தெரியவில்லை

அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. மாடிப் பிள்ளைகள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடிதான். முதுகு மக்கர் பண்ணும் வரை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் குழியின் அடியில் இறங்கி, மேலேயிருந்து மனிதர்கள் தவறவிட்டதையெல்லாம் பொறுக்கிப் பழகிய கை. சாவி, கம்மல், ஒரு தடவை முழு பல்செட். "எது விழுந்தாலும் கடைசில தரைக்கு வந்துதானே ஆகணும்" என்பார். இப்போது வெளியூர் போகிறவர்களின் நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பிழைப்பும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான்.

விருந்தாளி நாய் வருவதற்கு முன் மண்டி போட்டு, கன்னம் தரையில் உரச, வீடு முழுக்கத் தவழ்வார். நின்று பார்த்தால் பளிச்சென்றிருக்கும் வீடு, நாயின் கண்ணுக்கு வேறு வீடு. சோபாவுக்கடியில் காய்ந்த திராட்சை கிடக்கும், கட்டிலுக்கடியில் யாரோ முழுங்க மறந்த மாத்திரை, கதவிடுக்கில் ரப்பர் பேண்டு. நமக்கு அது குப்பை. நாய்க்கு அது தீனி. அகப்பட்டதையெல்லாம் பழைய வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டே போவார்.

"நாலு காலோட பொறக்க வேண்டியவர், அவசரத்துல ரெண்டோட வந்துட்டார்" என்பாள் மனைவி.

ஆனால் இந்தத் தவழலுக்காகத்தான் நாலாம் மாடி நர்ஸ் தன் நாய் தடியனை அவரிடம் விட்டுவிட்டு, அம்மாவின் ஆபரேஷனுக்கு ஊருக்குப் போயிருந்தாள். தடியன் என்பது அவர் வைத்த பெயர். உடம்பெல்லாம் புள்ளி, வாயெல்லாம் பசி. வீட்டுக்குச் சொந்தமான நாய் மகாராணி. வயசானவள், வைத்ததைத் தவிர எதையும் மோந்துகூடப் பார்க்காதவள் என்று அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் உத்தமி.

அன்று ஞாயிறு மதியம். அவர்களோடு இருக்கும் மாமனாரின் காது மிஷின் கால்மிதியில் கிடந்தது. நன்றாக மென்று துப்பப்பட்டிருந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

அவர் மண்டி போட்டுப் பார்த்தார். இரண்டு நாயும் சாப்பாட்டு மேசைக்கடியில் படுத்திருந்தன. தடியன் வாலை ஆட்டினான். மகாராணி எச்சிலை விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தடியன்தான்" என்றாள் மனைவி. "மூஞ்சியைப் பாருங்க, திருட்டு முழி."

"அவன் பொறந்ததுல இருந்தே அந்த முழிதான்."

அந்த மிஷினுக்குள் பேட்டரி இருந்ததா, இல்லையா? தெரிந்த ஒரே மனிதர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார்கள். மிஷின் இல்லாமல் மாமனாருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மருமகன் மென்ற மிஷினைத் தூக்கிக் காட்டி, தன் வாயைக் காட்டி, விழுங்குவதுபோல் செய்து காட்டினார்.

மாமனார் பேந்தப் பேந்த விழித்தார். "நான் கடிக்கலை மாப்பிள்ளை. சத்தியமா."

மனைவி அட்டையொன்றின் பின்னால் பெரிதாக எழுதி நீட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மாமனார் நிதானமாகப் படித்தார். "பேட்டரியா? படுக்கும்போது எடுத்து வெச்சிடுவேனே. இன்னைக்கும் எடுத்திருப்பேன். எடுத்த மாதிரிதான் இருக்கு. ஆனா அது நேத்தா?"

"உப்புத் தண்ணியக் கரைச்சு ரெண்டுக்கும் ஊத்துங்க. இருந்தா வெளிய வந்துரும்" என்றாள் மனைவி.

"உப்புத் தண்ணி அதைவிட விஷம். பேட்டரின்னா வாந்தியே எடுக்க வைக்கக் கூடாது. வர்ற வழியிலயும் சுட்டுட்டு வரும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் கெட்டியாகத்தான் வந்தது. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் மூளை நின்றுவிட்டது. நர்ஸுக்கு இப்போதே சொல்வதா? ஆபரேஷன் அறை வாசலில் நிற்பவளிடம் என்னவென்று சொல்வது? உன் நாய் விழுங்கியிருக்கலாம், விழுங்காமலும் இருக்கலாம், அப்படி ஒன்று இருந்ததா என்பதே தெரியாது என்றா?

நாய் டாக்டருக்குப் போன் போட்டார்.

"காத்திருக்காதீங்க. பேட்டரி நின்ன இடத்துல சதையை அரிக்கும். உடனே கொண்டு வாங்க" என்றார் டாக்டர் அம்மா. "எந்த நாய்?"

"அதுதான் தெரியலை டாக்டர்."

"அப்ப ரெண்டையும் கொண்டு வாங்க. இதுல என்ன யோசனை?"

ஆஸ்பத்திரியில் முதலில் தடியனுக்கு எக்ஸ்ரே. வயிறு துடைத்து வைத்த பாத்திரம்போல் இருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வீட்டுக்குப் போலாமா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

"இன்னொருத்தி இருக்காளே" என்றார் டாக்டர்.

"அவ எதையும் தொட மாட்டா, டாக்டர்."

டாக்டர் மகாராணியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து படத்தை வெளிச்சத்தில் வைத்தார். உணவுக்குழாயின் அடியில் வட்டமாக ஒன்று. விளிம்புக்குள் இன்னொரு விளிம்பு.

"பேட்டரிதான். நாணயமா இருந்தா ஓரம் இப்படி ரெட்டையாத் தெரியாது. ஆனா காது மிஷினோடது இல்லை. இது ரொம்பப் பெரிசு. எடை பார்க்கற மிஷின்ல போடுவாங்களே, அந்த மாதிரி. வீட்டுல இருக்கா?"

"எங்க வீட்டுல ஏது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். காலையில் மாடிப்படியில் ஒன்று கிடந்தது. எந்த வீட்டு நாயாவது வாயில் போட்டுக்கொள்ளுமே என்று அவர்தான் குனிந்து எடுத்தார். எடுத்து எப்போதும்போல் கோட்டுப் பையில் போட்டார். போட்டிருந்த கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். பையின் அடித்துணி ஈரமாக, நார்நாராகக் கிழிந்திருந்தது. உள்ளே ரப்பர் பேண்டு, ஒரு குண்டூசி, பிஸ்கட் தூள். நாய்களுக்குக் கொடுக்கிற பிஸ்கட்டும் அதே பையில்தான். கிளம்பும்போது மாட்டிக்கொள்ளும் வரை கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

ஊர் தரையையெல்லாம் சுத்தம் பண்ணி, அத்தனை விஷத்தையும் பிஸ்கட் வாசனையோடு மகாராணியின் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டிருக்கிறார்.

"அதான் மத்தியானம் சாப்பாட்டைத் தொடலை" என்றாள் மனைவி மெதுவாக. "வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அப்போ காது மிஷின் பேட்டரி?" என்று அவர் கேட்டார். ஏன் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"இந்த ரெண்டு வயித்துலயும் இல்லை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "இவளுக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுக்கணும். இந்த வயசுல மயக்க மருந்து ஆபத்துதான். எடுக்காம விட்டா உணவுக்குழாயே ஓட்டையாயிடும். சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். "எடுங்க" என்று இருவரில் யார் சொன்னது என்று பிறகு இரண்டு பேருக்கும் நினைவில்லை.

வெளியே பெஞ்சில் தடியன் அவர் காலில் தலை வைத்துக் குறட்டை விட்டான். அவர் நர்ஸுக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னார்: கோட்டு, பை, பிஸ்கட், எல்லாம். "உன் பையனுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அதே பையில அவனும் வாய் வெச்சிருக்கலாம். என்கிட்ட விட்டிருக்க வேண்டாம்."

"அம்மா முழிச்சுட்டாங்க அங்கிள். நாளைக்கு வந்து அவனைக் கூட்டிக்கறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

"கோவமாச் சொன்னாளா, சாதாரணமாச் சொன்னாளா?" என்று மனைவியைக் கேட்டார்.

"போன் உங்க காதுல இருந்துச்சு. என்னைக் கேக்கறீங்க?"

அவருக்குத் தெரியவில்லை. நாளைக்கு வருவதாகத்தான் முதலிலேயே சொல்லியிருந்தாளோ? அதுவும் குழம்பியது.

கதவு திறந்தது. டாக்டர் ஒரு தட்டில் கருத்துப்போன பேட்டரியைக் காட்டினார். "முழிச்சுட்டா. உள்ளே புண்ணு இருக்கு. ஆறுமா, என்ன ஏதுன்னு போகப் போகத்தான் சொல்ல முடியும். கொஞ்ச நாளைக்குக் கூழ் மாதிரிதான் கொடுக்கணும். வாங்க, பாருங்க."

மகாராணி கூண்டுக்குள் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது, அது தன்னைப் பார்க்கிறதா, சும்மா திறந்திருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். முதுகு முனகியதைப் பொருட்படுத்தாமல் கூண்டின் முன்னால் தரையில் உட்கார்ந்து, வெறும் கையைக் கம்பிக்குள் நீட்டினார். அவள் மோந்து பார்த்தாள். நக்கவில்லை. கையை எடுக்கவா, வைத்திருக்கவா என்று தெரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.