ஆடிக்கு முன் காலி செய்த வீடு

போன வருடம் ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறுவது கஷ்டம் என்பதால், கோவிலம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டை அவசரமாகக் காலி செய்துகொண்டிருந்தோம். சர்க்கரை நோயால் என் அப்பாவுக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மாடிப்படி ஏறி இறங்குவது அவருக்கு ஆபத்தாகிவிட்டதால், வண்டலூர் பக்கம் ஒரு கீழ் வீடு பார்த்திருந்தோம். அன்று அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் சாவி தருவேன் என்று அந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். இங்கே கொடுத்து வைத்திருந்த அட்வான்ஸை வாங்கி அப்படியே அங்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம்.

சாமான்களை ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அக்கா வீட்டைச் சுற்றிப் பார்க்க மேலே வந்தார். பாத்ரூமுக்குப் போகும் நடையில் வந்ததும் நின்றுவிட்டார்.

அந்த நடையின் ஒரு பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு நாங்கள் அடர்நீலம் அடித்திருந்தோம். சுவரும் வெள்ளை, கதவும் வெள்ளை என்று இருந்தபோது அப்பாவுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒருமுறை கதவு என்று நினைத்துச் சுவரில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டார். நீலம் அடித்த பிறகு அது மங்கலாகக் கண்ணில் பட்டது. அதைப் பிடித்தபடியே தனியாகப் போய் வந்தார். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் அடித்தோம்.

"பெயின்ட் அடிச்சிக்கோன்னு சொன்னேன்மா. ஏதோ லைட் கலரா இருக்கும்னு நெனச்சேன். இப்டி பண்ணி வெச்சிருக்கியே? இத மறைக்க எத்தினி கோட்டிங் அடிக்கணும் தெரியுமா? வூட்டையே மொத்தமா அடிச்சாத்தான் ஒரே மாதிரி வரும்."

வழக்கப்படி பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதாகத்தான் பேச்சு. இப்போது அட்வான்ஸில் பாதிக்கு மேல் பிடிப்பேன் என்றார். மீதியும் வேலை முடிந்த பிறகுதானாம். என் கணவர் பொறுமையாகப் பேசிப் பார்த்தார். நான் அக்ரிமென்ட்டைக் காட்டினேன். கடைசியில் ஸ்டேஷனுக்குப் போவோம் என்றுகூடச் சொன்னேன். அவர் அசையவில்லை. என் முகத்தையும் பார்க்காமல், சுவரையும் பார்க்காமல் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "அது எனக்காக அடிச்சதும்மா. என்மேல கோவப்படுங்க, அவங்களை விட்டுடுங்க" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர்.

அந்த நேரத்தில்தான் அந்த வீட்டுக்குக் குடிவரப் போகிற பெண் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். படப்பையில் இருந்தவர், வேலை கிண்டியில் என்பதால் இந்தப் பக்கம் வீடு தேடியிருந்தார். அன்று அட்வான்ஸ் கொடுக்க வந்திருந்தார். எங்கள் பேச்சு கீழே தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் நேராக நடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தார். பிறகு, எங்களைப் பார்க்காமலே சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்த ஓனர் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, எனக்காக பெயின்ட் அடிக்க வேணாம். இந்தச் சுவரு இப்படியே இருக்கட்டும்" என்றார். "அப்புறம் ஒண்ணு. நான் உங்களுக்குத் தர்ற அட்வான்ஸை நேரா இவங்களுக்கே அனுப்பிடட்டுமா? நீங்க பேங்குக்கு அலையற வேலை மிச்சம்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கையில இல்லம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துச்சே, அப்போ ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டேன். ஒரு காலத்துல இந்தத் தெருவே எங்க நெலம். குடியிருக்கிறவங்ககிட்ட காசு இல்லன்னு எப்டிச் சொல்றது, சொல்லு."

அவருடைய கணவர் மருத்துவமனையில் இருந்தபோது நாங்கள்தான் கீழ் வீட்டு மோட்டாரைப் போட்டு, வாசல் விளக்கையும் பார்த்துக்கொண்டோம். ஆனால் அந்தச் செலவை எப்படிச் சமாளித்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஸ்டேஷன் என்று நான் சொன்னது எனக்கே கசந்தது.

அந்தப் பெண் அங்கேயே நின்று பணம் அனுப்ப ஃபோனை எடுத்தார். முழு அட்வான்ஸையும் போடப் போனார். "ஒரு மாச வாடகையைப் பிடிச்சு அக்காகிட்ட கொடுத்துடுங்க. அது முன்னாடியே பேசினதுதானே" என்றேன். என் கணவரும் தலையாட்டினார். அக்காவும் சரி என்றதும் மீதி எங்கள் கணக்குக்கு வந்தது. அக்கா எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்து, "மெதுவா வாங்கண்ணா" என்று ஒவ்வொரு படியாக அவரே கீழே இறக்கிக்கொண்டு வந்தார். அப்பா அவரிடம், உங்க வீட்டுக்காரர் இப்போ நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று விசாரித்துக்கொண்டே இறங்கினார்.

வண்டியில் ஏறும் முன் அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்தேன். நன்றி சொல்லிவிட்டு, மனதில் உறுத்தியதையும் கேட்டேன். "அவங்க நிலைமை தெரிஞ்சும் இந்த வீட்டுக்கு வர்றீங்களே. நாளைக்கு உங்க அட்வான்ஸும் மாட்டிக்கிட்டா?"

"மாட்டலாம்" என்று சிரித்தார். "அதை நான் காலி பண்றப்போ பாத்துக்கலாம். ஆனா அவங்க பெயின்ட்டுக்காகச் சண்டை போடறவங்க மாதிரி எனக்குத் தெரியல. பெயின்ட்டுக்காகன்னா சுவத்தைக் காட்டிக் காட்டித் திட்டுவாங்க. அவங்க உங்க மூஞ்சியவே பாக்கல. திருப்பித் தரக் கையில பணம் இல்லையோன்னு தோணிச்சு."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மதியத்துக்குள் எங்களுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் யாராவது ஒரு சின்ன விஷயத்துக்கு நியாயமே இல்லாமல் பிடிவாதம் பிடித்தால், பதில் பேசும் முன் அவர்கள் முகத்தை ஒரு நிமிடம் பார்க்கிறேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று அங்கே இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் என் நியாயத்தைச் சொல்கிறேன்.