கதவோரம் ஒரு மஞ்சள் மழைக்கோட்

பல வருடங்களுக்கு முன்பு டுபாயில் ஓர் ஐரிஷ் குடும்பத்தில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி. கைக்குழந்தையாக என்னிடம் வந்த அவர்களுடைய மகள், ஐந்து வயதில் என்னைப் போலவே தமிழ் கதைப்பாள். என்னை ‘அன்ரி’ என்றுதான் கூப்பிடுவாள். தாய்க்கு ஒரு சொல்லும் விளங்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அயர்லாந்தில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில், படகுத்துறையைப் பார்த்தபடி அவர்களுக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. வெயில் கொளுத்தும் மாதங்களில் அங்கே போய்விடுவார்கள். நான் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு டுபாயில் கிடப்பேன். சின்னவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி வீடியோவில் அந்த வீட்டைக் காட்டுவாள். எந்தப் படி கிறீச்சிடும், எந்த ஜன்னலில் கடற்பறவை வந்து குந்தும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு வருடம் என்னையும் கூட்டிப்போவதாக மேடம், அவளுடைய தாய், சொன்னார். விசாவுக்குப் போட்டோம். என் பெட்டியைச் சின்னவள்தான் அடுக்கினாள். பாதிக்கு மேல் அவளுடைய பொம்மைகள். கடைசியில் விசா கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் என் கழுத்தை விடாமல் அழுதாள்.

“அழாதையம்மா, அடுத்த முறை கட்டாயம் வருவன்” என்றேன்.

அடுத்த முறை வரவேயில்லை. தகப்பனுக்கு டப்ளினில் வேலை கிடைத்து, குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. நான் டுபாய்க்குக் கிட்ட, அஜ்மானில் வேறொரு வீட்டுக்கு மாறினேன். அங்கும் ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை. ஆனாலும் தூக்கும்போதெல்லாம் சின்னவளின் பாரம்தான் கைக்குத் தெரிந்தது.

சின்னவளோடு வாரா வாரம் போனில் கதைத்தது பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் என்றானது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். குழந்தைதானே, மறக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறையில் நின்று அழுதேன்.

போன கோடையில் அந்தக் கடற்கரை வீட்டிலிருந்து மேடம் வீடியோவில் அழைத்தார். வாசல் கதவோரம் வரிசையாகக் கோட் மாட்டும் கொளுக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். கடைசிக் கொளுக்கியில் கோணல் எழுத்தில் என் பெயர். அதில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத மஞ்சள் மழைக்கோட். விசாவுக்குப் போட்ட வருடம் என் அளவில் வாங்கியதாம். என் மனம் நோகுமென்று இவ்வளவு நாளும் காட்டவில்லையாம். அன்று மழையில் நனைந்து வந்த விருந்தாளிக்குக் கொடுக்க எடுத்தபோது மகள் சண்டை பிடித்ததைச் சொல்லத்தான் அழைத்திருந்தார்.

நன்றாக வளர்ந்துவிட்ட சின்னவள் போனை வாங்கினாள். சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள்.

“அது அன்ரியின்ர. ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்.”

அங்கே போகவேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கமுடியாமல் வந்தது.

வளைகுடாவில் எத்தனையோ வீடுகளில் வேலை செய்துவிட்டேன். எங்கேயும் என் உடுப்புகள் கட்டிலுக்கடியில், பெட்டிக்குள்தான். எனக்கென்று ஒரு கொளுக்கி இருப்பது, நான் இன்னும் கால் வைக்காத அந்த ஒரு வீட்டில்தான்.