அந்தக் கவுன்ட்டரில் மட்டும் ஏன் கூட்டம்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. டை கட்டியதும் தலைக்கனமும் கூடவே வந்துவிட்டது, மறைப்பானேன்!

அங்கே பெயர் பதிய மூன்று கவுன்ட்டர்கள். இரண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதில் மட்டும் வாசல்வரை வரிசை. "இங்க வாங்க, காலியா இருக்கு" என்று கூப்பிட்டாலும் ஒருவரும் அசையமாட்டார்கள். அங்கே இருந்தவர் மாடம்பாக்கத்திலிருந்து வரும் பெண், என் வயதுதான் இருக்கும். அப்படி என்னதான் செய்கிறார்? எனக்கு மண்டை குடைந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் முடிப்பதற்கு இவருக்கு நான்கு நிமிடம்! ஊர்க்கதை பேசுகிறார் என்று நானே முடிவு கட்டினேன்.

"நாளையிலேருந்து நீங்க உள்ள ரிப்போர்ட் எழுதுங்க. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன்.

"சரி சார்" என்றார். முகம் சுண்டிவிட்டது. உள்வேலைக்குப் போனவர்களைத்தான் அடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மறுநாள் அவர் இடத்தில் நானே உட்கார்ந்தேன். வேகம் என்றால் என்னவென்று காட்ட வேண்டாமா? சர்க்கரை பார்க்க வந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி, "வெறும் வயிறுதானே?" எல்லோரிடமிருந்தும் ஒரே பதில், "ஆமா சார்." பத்து மணிக்குள் வரிசையே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் கையில் ரிப்போர்ட் கட்டுடன் வெளியே வந்தார். "சார், பாதிப் பேருக்குச் சர்க்கரை எகிறியிருக்கு. எப்பவும் இப்படி வராதே."

அந்த நேரம் பீர்க்கன்கரணை டீச்சர் ஒருவர் ரிப்போர்ட் வாங்க வந்தார். அன்றுதான் முதல்முறை வந்தவர். அந்தப் பெண் அவரிடம் சாவகாசமாகக் கேட்டார்: "டீச்சர், காலைல காபி எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?"

"ஆறு மணிக்கும்மா."

"வெறும் வயிறுன்னு சார்கிட்ட சொன்னீங்களே?"

"காபி என்ன சாப்பாடாம்மா?" டீச்சர் சிரித்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தாளை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருந்தால்? டீச்சர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் யார் காபியைச் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்!

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றேன்.

"குடிச்சீங்களான்னு கேட்டா இல்லைன்னுடுவாங்க சார். எத்தனை மணிக்குன்னு கேட்டாதான் உண்மை வரும். அதுக்குக் கொஞ்சம் பேச்சு குடுக்கணும்."

வேறு இடங்களில் ரிப்போர்ட் தப்பாகி இரண்டு தடவை ஊசி குத்திக்கொண்டு அலைந்தவர்கள்தான் அவர் வரிசையைவிட்டு நகராமல் நின்றிருக்கிறார்கள். அன்று மாலை ரிப்போர்ட் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் நானே மன்னிப்புக் கேட்டு, நாளைக் காலை மறுபடி வரச் சொன்னேன். ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா சார், வெளாட்றியா? சவாரியை வுட்டுட்டு வந்துகினு கீறேன்!" என்று கத்தினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். மறுநாளே அந்தப் பெண் பழைய இடத்துக்குத் திரும்பினார்.

அதன்பிறகு எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்கிவிட்டேன். ஆனாலும், "ஏம்மா இவ்வளவு நேரம் ஆகுது?" என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்காமல் இடத்தை மாற்றினேனே, அந்த வெட்கம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.