முங்காத கப்பல்

பாகப் பிரிவினைப் பத்திரம் கையெழுத்தாகி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கலாக வேண்டும். பதிவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இதைச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். எங்கள் வீட்டுப் பத்திரம் மட்டும் தாக்கலுக்கு வரவே இல்லை. காரணம், ஹிட்லர்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. விருதுநகரில் வீடு, சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் லேபிள் அடிக்கும் பிரஸ்ஸும். நிர்வாகம் பெரியப்பா. பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டவர் சித்தப்பா. அப்பா இருவருக்கும் நடுவில் பிறந்தவர். எந்தப் பேச்சிலும் நடுவிலேயே நின்றுவிடுவார். அந்த வருடம் பெரியப்பா, சித்தப்பாவுக்குப் பிரஸ்ஸைக் கொடுத்துத் தனியே அனுப்ப முடிவு செய்தார். முத்திரைத்தாளில் எழுதியாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. சித்தப்பாவுக்குப் பிரிய மனமில்லை. அதை அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சலும் இல்லை.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி பூட்டியிருக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறப்பதற்கு முந்தின நாள் குடும்பமே சினிமாவுக்குப் போவது வழக்கம். அந்த முறை ஊரில் ஓடியது ஓர் இங்கிலீஷ் படம்.

"ஜெர்மன்ல இரும்புக் கம்பெனி வச்சிருந்த பணக்காரக் குடும்பமாம்ணே. நம்ம பிரஸ் மிஷினும் ஜெர்மன்தானே, பாத்துட்டு வருவோம்" என்றார் சித்தப்பா. "கதைய நான் சொல்றேன், நீங்க நிம்மதியாப் பாருங்க."

இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்தோம். திரையில் நீளமான மேசை, கிழவர், மூன்று மகன்கள், வாசலில் ஹிட்லரின் ஆட்கள். சித்தப்பா தியேட்டருக்கே கேட்கும்படி கதை சொன்னார்.

"மூத்தவரு தங்கமானவருண்ணே. கூட இருக்கவுக பேச்சக் கேட்டுத் தம்பியப் பிரிச்சு விடுறாரு. இப்ப நெனச்சு நெனச்சு அழுகுறாரு."

"அவுக சிரிக்கத்தான செய்றாக சித்தப்பா?" என்றேன்.

"ஜெர்மன்காரவுக அழுதா அப்படித்தான் தாயி இருக்கும். பேசாம இரு."

மூத்தவர் பீரங்கிக்கு ஆர்டர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா கணக்கில் அது பாகப் பிரிவினை. கடைசியில் இளைய மகன் கப்பலின் மேல்தளத்தில் நின்று கையசைத்தான்.

"தனியாப் போறாம்லா, கப்பல் முங்கிரும்ணே."

விளக்கு போட்டுவிட்டார்கள்.

"கப்பல் முங்கலையே சித்தப்பா?"

"படம் முடிஞ்சப்புறம் முங்கும்."

வெளியே வந்ததும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே, அந்தச் சின்னவன் தனியாப் போனதாலதான் செத்தானா?"

"ஆமாண்ணே."

"பாவம்லே. அப்ப நீ போக வேண்டாம்."

அவ்வளவுதான். சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எனக்குப் பொரித்த புரோட்டா வாங்கித் தந்தார். கப்பல் சங்கதியைப் பெரியப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். அத்தனை பெரிய மனிதரை நாங்கள் இருவரும் ஏமாற்றிவிட்டோம் என்ற கர்வம் எனக்கு வெகுகாலம் இருந்தது.

போன வாரம் மருமகன் அதே படத்தின் டிவிடியைக் கொண்டுவந்தான். கீழே ஓடிய எழுத்துகளை நிதானமாக வாசித்துக்கொண்டே பார்த்தேன். மூத்தவர் தங்கமானவர் இல்லை; ஹிட்லரிடம் கம்பெனியையும் குடும்பத்தையும் சேர்த்து அடகு வைத்தவர். கிழவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரே வீட்டில் இருந்த அத்தனை பேரும் அழிந்தார்கள். பிரிந்து போன இளையவன் ஒருவன்தான் பிழைத்தான். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்கிறது.

அன்று தியேட்டரில் படம் பார்த்த மறுநாள் காலை பெரியப்பா, வெடிமருந்து உரிம அலுவலகத்துக்கு வழக்கம்போல் இங்கிலீஷில் நான்கு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கை நிற்காது, அகராதியும் தேடமாட்டார். எச்சில் தொட்டுத் தபால் தலை ஒட்டுவது என் வேலை. நிமிராமலே கேட்டார்:

"தாயி, நேத்துக் கப்பல் முங்குச்சா, இல்லையா?"

வாங்கித் தின்ற புரோட்டாவுக்கு நான் துரோகம் செய்யவில்லை. "முங்கிருச்சு பெரியப்பா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவருக்குப் படம் அவ்வளவு பிடித்துப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த தபால் தலையை நக்கினேன்.