தாயே டெய்லருக்குக் கிடைத்த முதல் பரிசு

அந்த ஆறு தன் கரையில் குடியிருந்த யாரையும் வெறுங்கையோடு விட்டதில்லை. சிலருக்கு மீன் கொடுத்தது, சிலருக்கு வேலை கொடுத்தது, சிலருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம் கொடுத்தது. படகுத்துறைக்கு எதிரே தையற்கடை வைத்திருந்தவருக்கு மட்டும் கவிதையைக் கொடுத்துத் தொலைத்தது.

எந்தக் கவிதையானாலும் ஆற்றைப் பார்த்து 'தாயே' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஊரே அவரைத் 'தாயே டெய்லர்' என்று கூப்பிட்டது. அளவு கொடுக்க வந்தவர்களுக்குத் தப்பிக்க வழியே கிடையாது. பாதி தைத்த சட்டையை மாட்டிவிட்டு, சுற்றிலும் குண்டூசி குத்தி, கையைத் தூக்கி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவார். ஊசிக்குப் பயந்து ஒருவரும் அசையமாட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பிரமாதம், கையை இறக்கலாமா?" என்பார்கள். ஒரு தடவை கோட்டுத் துணியில் சாக்குக்கட்டியால் எழுதிய வரி அழியாமல் போய், வங்கி மேனேஜர் ஒருவர் 'தாயே, என்னை அள்ளிக்கொள்' என்று முதுகில் சுமந்தபடி ஒரு வாரம் வேலைக்குப் போய்வந்தார்.

இத்தனைக்கும் டெய்லருக்கு நீச்சல் தெரியாது. கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட ஆற்றில் இறங்கியதில்லை.

ஆறு அந்த ஊருக்குச் செய்த இன்னொரு காரியம், பொய் சொல்ல விடாமல் தடுத்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னால் உருப்படாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, எல்லாருக்கும் அடிவயிற்றில் அந்தப் பயம் இருந்தது. ஆற்றைப் பார்த்த கடைகளில் எடை சரியாக இருக்கும்; பின்சந்துக் கடைகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். "வெள்ளிக்கிழமை கண்டிப்பா ரெடியாயிடும்" என்று சொல்லும்போதெல்லாம் டெய்லர் சுவர்ப்பக்கம் திரும்பி நூல்கண்டு தேடுவார்.

அவர் மனைவிக்கு ஆற்று அலுவலகத்தில் வேலை. படித்துறையில் நட்டிருந்த அளவுக்கம்பத்தைக் காலையும் மாலையும் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்து, வாரம் ஒருமுறை தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பவேண்டும். அவரை 'மீட்டரம்மா' என்பார்கள். வீட்டில் கவிதைக்கு முதல் அடி விழுவது அவர் கையால்தான்.

"ஏங்க, 'பொங்கிப் பொங்கி வருகிறாய்'னு எழுதியிருக்கீங்க. மூணு மீட்டர் பத்துதானே இருக்கு?"

"அது கவிதைம்மா."

"எதுவா இருந்தா என்ன, மூணு மீட்டர் பத்துதான்."

அந்த வருஷம் கவிதைச் சங்கம் ஆற்றைப் பற்றி ஒரு போட்டி வைத்தது. டெய்லர் நான்கு வாரம் சரியாகச் சாப்பிடாமல், மூன்று பேருடைய கால்சட்டையைக் குட்டையாக வெட்டிக் கெடுத்து, ஒருவழியாகக் கவிதையை முடித்தார். தபாலில் போடக் கிளம்பும்போது மீட்டரம்மா தன் வாரக் கடிதத்தையும் கையில் திணித்தார்.

"போறதுதான் போறீங்க, இதையும் ஒட்டிப் போட்டுடுங்க."

இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்பு உறை. டெய்லரோ, பரிசு வாங்கும்போது எந்தக் கையில் கோப்பையைப் பிடிப்பது என்ற யோசனையில் இருந்தார். எதை எதில் போட்டு ஒட்டினார் என்பது அவருக்கே தெரியாது.

பத்து நாள் கழித்துச் சங்கத் தலைவர் கடைக்குள் ஓடிவந்தார். மருந்துக்கடைக்காரர், சாதாரணமாகக் கவிஞர்கள் யாரையும் சட்டை பண்ணாத மனிதர். வந்தவர் டெய்லரைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்.

"முதல் பரிசு உங்களுக்குத்தான்யா! 'தாயே'வை எல்லாம் தூக்கி எறிஞ்சிட்டு இப்படி எழுத உங்களுக்கு எப்படிய்யா வந்துச்சு?" என்று சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். "'திங்கள். மூன்று மீட்டர் பத்து. நிறம் பழுப்பு. ஒரு செருப்பு போனது, இடது கால். செவ்வாய். மூன்று மீட்டர் பத்து. நிறம் பழுப்பு. செருப்பு இல்லை. புதன். மூன்று மீட்டர் எட்டு. ஒரு செருப்பு போனது, வலது கால். வேறு ஆள்.' ஐயோ, 'வேறு ஆள்'! ரெண்டே வார்த்தைல மனுஷ வாழ்க்கையையே சொல்லிட்டீங்களே!"

டெய்லர் தாளை எட்டிப் பார்த்தார்; மனைவியின் கையெழுத்து. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கவிதை எழுதிய இருபத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் கட்டிக்கொண்டு அழுததில்லை. திறந்த வாய், "ஏதோ தோணுச்சு" என்று சொல்லிவிட்டது. அப்போது அவர் நன்றாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

தன் கவிதை தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதே என்ற கவலை கொஞ்ச நேரம் இருந்தது. அங்கே கடிதங்களை ஒருத்தரும் பிரிப்பதே இல்லை என்று மீட்டரம்மா அடிக்கடி அலுத்துக்கொள்வார். அதை நினைத்துத் தேறினார். மனைவியிடம் பரிசு என்று மட்டும் சொன்னார். மீட்டரம்மா ஆச்சரியத்தில் அன்றைக்கு நான்கு தடவை கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

பரிசளிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை, படித்துறைக்கு மேலே நடந்தது. மேடை ஆற்றைப் பார்த்து அமைந்திருந்ததை டெய்லர் ஏறிய பிறகுதான் கவனித்தார். முன்வரிசையில் மீட்டரம்மா, அவருக்குப் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால், கரைநிறைய, ஆறு.

"இதை எப்படி எழுதினீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் தலைவர்.

டெய்லர் மைக்கைப் பிடித்தார். மெதுவாகத் திரும்பினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஒரு நாள் அதிகாலை..." என்று ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம் பார்த்துப் பேசுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். தலைவர் அவர் தோளைப் பிடித்து நேராகத் திருப்பினார். டெய்லர் மறுபடி சுழன்றார். தலைவர் மறுபடி திருப்பினார். மூன்றாவது சுற்றில் மைக் கம்பி காலில் சுற்றிக்கொள்ள, டெய்லர் ஆற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் எழுதலைங்க!" என்று அலறினார். "என் வீட்டுக்காரி எழுதினது! கவர் மாறிப்போச்சு!"

அந்த நேரம் பார்த்து ஆற்றில் மூன்று மோட்டார் படகுகள் சைரன் அடித்துக்கொண்டு வந்து கரை தட்டின. மிதவைச் சட்டை போட்ட நாற்பது பேர் மணல்மூட்டையோடு குதித்தார்கள். முன்னால் வந்த தலைமை அலுவலகப் பெரிய அதிகாரி, "யாரும் பயப்படாதீங்க! வெள்ளம் எங்கே?" என்று கேட்டார்.

மீட்டரம்மா எழுந்து, "மூணு மீட்டர் அஞ்சு" என்றார்.

அதிகாரி ஒரு கடிதத்தை நீட்டினார். "அப்போ இது என்னம்மா? 'தாயே, என் கழுத்தளவு வந்துவிட்டாய். இனி என் குரல் யாருக்கும் எட்டாது.' இதைப் படிச்சிட்டு போன்கூடப் பண்ணலை நாங்க. இனிமே எங்கே போனை எடுக்கப்போறீங்கன்னு நினைச்சு, பாதி ஆபீஸ் அழுதுடுச்சு."

"அது என்னோட கவிதை" என்று தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அதிகாரி பல்லைக் கடித்தார். ஆனால் படித்து அழுதவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கோப்பையை மீட்டரம்மாவிடம் கொடுத்தார்கள். "இது கவிதை இல்லைங்க, என் வேலை" என்று அவர் வாங்க மறுத்தார். அந்த அடக்கமும் ஒரு கவிதை என்று தலைவர் கைதட்டினார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மீட்டரம்மா கணவரிடம் பேசவில்லை. டெய்லர் தானாகவே பாத்திரம் தேய்த்தார். மூன்றாம் நாள் வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார் மீட்டரம்மா.

"படித்துறைக்குக் கைப்பிடி வேணும்னு நாலு வருஷமா எழுதுறேன். ஒருத்தனும் பதில் போடலை. நீங்க ஒரு கடுதாசி எழுதினதுக்கு மூணு படகு வருது. எழுதுங்க."

"எப்படி எழுதட்டும்?"

"உங்க இஷ்டம். ஆனா வேணுங்கிறது பன்னிரண்டு அடிக் கம்பி. அதை மட்டும் கூட்டிக் குறைச்சு எழுதாதீங்க."

டெய்லர் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை எழுதினார். இரண்டு இடத்தில் அவருக்கே அழுகை வந்து மை கலைந்தது.

எட்டே நாளில் கம்பி வந்துவிட்டது. கூடவே வந்த இரண்டு கொத்தனார்களில் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படித்துறையில் நின்ற மீட்டரம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மா, வழுக்கி விழுந்து கடலுக்கே போயிட்டாங்களே, அந்தப் பதினாலு பேரும் எந்தப் படியில விழுந்தாங்க?"

மீட்டரம்மா ஆற்றை ஒரு தடவை பார்த்தார்.

"அது உவமைங்க" என்றார். "கைப்பிடியை இந்தப் பக்கம் வைங்க."