பிட்டுப் பானையில் அவித்த சி மொழி

புரோகிராமிங் படிக்க அச்சுப் புத்தகமா, பிடிஎப்பா என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். அச்சுப் புத்தகம்தான். கிழிந்தது என்றால் இன்னும் விசேஷம்.

என்னுடையது சுனாமியில் நனைந்தது. எங்கள் ஊரான குருக்கள்மடத்தில், வீட்டுக்குள் கடல் வந்துபோன பிறகு, அக்காவின் சி மொழிப் புத்தகத்தைச் சேற்றுக்குள் இருந்து எடுத்தோம். காய்ந்ததும் பலகையாகிவிட்டது. உள்நாட்டுச் சண்டை முடிந்த வருடம், புளியந்தீவு டவுனில் ஒரு கணினி நிலையம் சி மொழி படிப்பிக்க உதவி ஆசிரியர் ஒருவரைச் சோதனை வைத்து எடுக்கப்போவதாகத் தெரிந்தது. என் கையில் வணிகப் பட்டம், வேலை இல்லை. இருந்த ஒரே இடம் எனக்கு வேண்டும். மாமாவின் மகனான மச்சானுக்கும் அதுதான் வேண்டும்.

அவன் பென் டிரைவ் நிறையப் பிடிஎப் வைத்திருந்தான். "அந்தச் செங்கல்லை எறிஞ்சிட்டு இதைக் கொப்பி பண்ணுடா."

"எங்கட வீட்ட கம்பியூட்டர் எங்க கிடக்கு, உன்ட மண்டைக்குள்ளயா?"

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் பற்றிய பக்கங்கள் ஒட்டிப்போய்க் கிடந்தன. பிட்டுப் பானை ஆவியில் பிடித்தேன். அம்மா வந்துவிட்டார்.

"என்ன மனே, புஸ்தகத்தையா அவிக்கிறாய்?"

"பொறுங்கம்மா, வெந்திட்டு."

"மறுகா பிட்டுக்குப் பதிலா அதையே தின்னு!"

பக்கங்கள் பிரிந்தன, ஆனால் வலது பாதி பிய்ந்துபோனது. எல்லா வரியும் அரைகுறை. மிச்சத்தை நானே யோசித்துப் பென்சிலால் எழுதினேன். பிறகு மச்சான் வீட்டுக் கம்பியூட்டரில் அடித்துப் பார்ப்பேன். பிழை காட்டும். திருத்துவேன். திரும்பவும் பிழை காட்டும். கடைசியில் லூப் என் விரலுக்குள் இறங்கிவிட்டது. மச்சானோ பிடிஎப்பில் இருந்து வெட்டி ஒட்டி, ஓடவிட்டு, "அத்தியாயம் முடிஞ்சு" என்பான்.

சோதனையன்று வாசலிலேயே பென் டிரைவுகளை வாங்கி வைத்துவிட்டார்கள். மாணவர்களின் புள்ளிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சராசரி சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். நான் முடித்துவிட்டு வெளியே நின்றேன். மச்சான் வெறும் திரையை விட்டுவிட்டு வந்தான்.

"எந்தப் பக்கத்தில கிடக்கு எண்டு கண்ணுக்குள்ளயே நிக்குது மச்சான்."

"பக்கத்தை டைப் பண்ணேலாதுடா."

வேலை எனக்குக் கிடைத்தது. முதல் வேலையாக மச்சானின் பிடிஎப்பை வாங்கி எல்லாக் கணினியிலும் போட்டேன். தேடுவதற்கு அது சுகம், மறுக்கவில்லை. ஆனால் போடுவதற்கு முன் பயிற்சி வரிகளின் வலது பாதிக்கெல்லாம் வெள்ளை அடித்து மறைத்துவிட்டேன். முதல் வகுப்பில் மச்சானும் படிக்க வந்து முன்வரிசையில் குந்தினான். திரையைப் பார்த்தான்.

"டேய், என்ட பிடிஎப்பையும் பிட்டுப் பானையில வச்சிட்டியா?"

"ஓம் மச்சான். இப்பதான் அது புத்தகம். எழுது."