பஸ்ஸில் மாட்டிய கோட்டு

பொள்ளாச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். கண்களுக்குக் கீழே கருவளையம். அவள் ஊர் நெருங்கியதும் பையிலிருந்து டாக்டர் கோட்டை எடுத்துச் சுடிதாரின் மேல் மாட்டினாள்.

"ஊட்டுக்குப் போறப்ப கோட்டு எதுக்கு கண்ணு?"

"மெடிக்கல் சீட்டு கெடச்சப்பவே ஊர்ல ஃபிளெக்ஸ் வெச்சுட்டாங்க. கோட்டு போடாமப் போனா அப்பா மொகம் சுண்டிருமுங்க."

"நல்லாப் படிக்கிறியா?"

"முதல் வருசப் பரீட்சைல மறுபடியும் ஃபெயிலுங்க. தமிழ்ல கேட்டாச் சொல்லிருவனுங்க. இங்கிலீசுல கேட்டா, தெரிஞ்சதுகூட வாயில வர மாட்டேங்குது. ஊட்ல இன்னும் சொல்லலீங்க."

பஸ் நின்றது. "டாக்டரம்மாவுக்கு வழி உடுங்க!" என்று கண்டக்டர் கத்தினார். கூட்டம் மரியாதையாக ஒதுங்கியது. கீழே அவள் அப்பா சிரித்தபடி பையை வாங்கக் கை நீட்டினார். அவளோ படிக்கட்டுக் கம்பியை விடாமல் நின்றாள்.